தண்டல் அட்டையும் தவணை அட்டவணையும்: வடசென்னையில் அரசுச் சிறுகடன்

1. கேள்வி

பிரதம மந்திரி முத்ரா திட்டம் 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கியது. பத்தாண்டு நிறைவின்போது ஒன்றிய அரசு வெளியிட்ட கணக்கில் 52 கோடிக்கும் மேற்பட்ட கடன்கள், ஏறத்தாழ 32.6 லட்சம் கோடி ரூபாய் என்றிருந்தது. மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 2025 பிப்ரவரி வரை 3.23 லட்சம் கோடி. நுண்கடன் நிறுவனங்களின் நிலுவைத் தொகையிலும் பீகாரும் தமிழ்நாடும்தான் முன்வரிசையில் நிற்கின்றன. மகளிர் குழுக் கடன், தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி, மாநில அரசின் மானியக் கடன்கள் எல்லாம் இதற்கு மேல். கடன் கிடைக்கவில்லை என்ற பழைய புகாரை இந்த எண்களை வைத்துக்கொண்டு அப்படியே சொல்ல முடியாது.

ஆனாலும் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையிலான கடலோரப் பட்டையில், நாள்தவணையில் வட்டிக்கடன் தரும் தண்டல்காரரின் இருசக்கர வாகனம் ஓய்ந்துவிடவில்லை. கந்துவட்டியைத் தடைசெய்து 2003இல் ஒரு சட்டம் வந்தது. அடாவடி வசூலைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. இந்த இரண்டு சட்டங்களுக்கும் இடையிலான இருபத்திரண்டு ஆண்டுகளில்தான் அரசுக் கடன் திட்டங்கள் பெருகின. மலிவான கடன் வந்தால் விலையுயர்ந்த கடன் ஒதுங்கிவிடும் என்ற எதிர்பார்ப்பு ஏன் பலிக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வட்டி விகிதத்தைவிட, பணம் வரும் நேரமும் திரும்பப் போகும் நேரமும்தான் இங்கே தீர்மானிக்கின்றன என்பது என் வாதம்.

2. இதுவரையிலான புரிதல்கள்

நுண்கடன் பற்றிய எழுத்தில் கொண்டாட்டத்தின் காலம் ஒன்று இருந்தது. 1976இல் சிட்டகாங் அருகே ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் தொடங்கிய சோதனை உலகக் கதையானது. பிறகு வந்த அளவீடுகள் அந்தச் சூட்டைத் தணித்தன. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, ரேச்சல் கிளென்னர்ஸ்டர், சிந்தியா கின்னன் ஆகியோர் ஹைதராபாத்தின் 104 குடியிருப்புப் பகுதிகளில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, நுண்கடன் வந்த இடங்களில் குடும்பச் செலவிலோ பெண்களின் முடிவெடுக்கும் நிலையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றது. ஏற்கெனவே தொழில் நடத்தியவர்களில், அதிலும் மேல்தட்டில் இருந்தவர்களுக்கே லாபம் கூடியது.

நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் மூவரும் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளின் வட்டிக்கடன்களை ஒரே தவணையில் அடைத்துவிட்டுப் பார்த்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, பெரும்பாலோர் ஆறு வாரங்களுக்குள் மீண்டும் கடனுக்குப் போனார்கள். ஓரிரு ஆண்டுகளில், கடன் அடைக்கப்பட்டவருக்கும் அடைக்கப்படாதவருக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று. காலையில் ஆயிரம் வாங்கி இரவில் ஐம்பது சேர்த்துத் திருப்பும் கோயம்பேட்டு வியாபாரிகளைப் பற்றி முல்லைநாதன் வேறிடத்திலும் எழுதியிருக்கிறார். தினமும் ஐந்து ரூபாய் குறைத்துக் கடன் வாங்கினால், மிச்சமாகும் வட்டியும் சேர்ந்து ஐம்பது நாளில் அவர்கள் விடுபட்டுவிடுவார்கள் என்பது அவர் காட்டும் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் ஐம்பது நாள் எந்த அதிர்ச்சியும் இல்லாமல் கழிய வேண்டும். காய்ச்சலோ மழையோ, பள்ளிக் கட்டணமோ ஒருமுறையும் குறுக்கிடக் கூடாது.

இந்த முடிவை வியாபாரியின் மனக்கட்டுப்பாட்டுக் குறையாக வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. வட்டிக்காரரிடம் அவர் வைத்திருப்பது ஒரு கடன் என்பதைவிட, எப்போது வேண்டுமானாலும் திறக்கக்கூடிய ஒரு கணக்கு என்பதே பொருந்தும். நிலுவையை அடைத்தால் கணக்கு மூடப்படுவதில்லை. வட தமிழ்நாட்டுக் கிராமங்களில் நீண்டகாலம் களப்பணி செய்த இசபெல் கெரன் குழுவினர், ஏழைக் குடும்பங்கள் ஒரே சமயத்தில் பல கடன்களை மாற்றி மாற்றிச் சுழற்றுவதை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். குழுக் கடன் அங்கே தண்டலை அகற்றவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கடனாக வந்து சேர்ந்தது.

3. சென்னையின் சொந்த முன்னோடி

இந்த விவாதத்தில் பலரும் கடந்துபோகும் ஓர் அத்தியாயம் சென்னையிலேயே நடந்தது. 1978இல் ஜெயா அருணாசலம் கட்சி அரசியலை விட்டு விலகி உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். காய்கறி, பூ, மீன், இட்லி விற்ற சேரிப் பெண்களிடம் அவர் கேட்டறிந்த முதல் தேவை கடன். அப்போது அரசுத் திட்டம் இல்லாமல் இல்லை. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாகியிருந்தன. 1972 முதல் ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன் தரும் வேறுபட்ட வட்டித் திட்டம் இருந்தது. 4 சதவீதம்! இன்றைய எந்தத் திட்டத்தோடும் ஒப்பிடத்தக்க மலிவு. அக்கம்பக்கத்துப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கவைத்து, அமைப்பு அவர்களை வங்கிக்கு அழைத்துச் சென்றது.

வட்டி சுமையாக இல்லை. படிவங்கள், வங்கி நேரம், ஊழியரின் அலட்சியம், கடன் கிடைக்க ஆன தாமதம், தவணை கட்ட அரைநாள் வியாபாரத்தை விடவேண்டிய நிலை இவைதான் இடித்தன. வங்கி திறந்திருக்கும் நேரமும் கூடை விற்கும் நேரமும் ஒன்றே. 1981இல் அமைப்பு தனக்கென ஒரு கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிக் கடனைத் தானே கொடுக்க முற்பட்டது. கூட்டுறவின் வட்டி 4 சதவீதத்தைவிடக் கூடுதல். பெண்கள் அதையே நாடினார்கள். மலிவும் வசதியும் மோதும்போது எது வெல்லும் என்பதற்கு அப்போதே விடை கிடைத்துவிட்டது.

தேசிய வேளாண் வங்கியான நபார்டு 1992இல் 500 குழுக்களுடன் தொடங்கிய வங்கி இணைப்பும், 1989இல் தருமபுரியில் சர்வதேச நிதியுதவியோடு தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் மகளிர் திட்டமாக விரிந்த முயற்சியும் குழு என்ற வடிவத்தை எடுத்துக்கொண்டன. தெருவின் நேரத்துக்குக் கடனை வளைப்பது என்ற இன்னொரு பாதியை எடுத்துக்கொள்ளவில்லை.

4. ஒரு கூடையின் கணக்கு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடியும் முன்பே சூடுபிடித்துவிடும். கூடை வியாபாரம் செய்யும் பெண் அங்கே நெத்திலியோ காரப்பொடியோ சங்கராவோ எடுக்கிறார். கையில் ரொக்கம் இருந்தால் விலை பேசலாம். இல்லாவிட்டால் ஏலக்காரரின் கடனில் எடுக்க வேண்டும், அப்போது பேரம் பேசும் குரல் தாழ்ந்துவிடும். பிறகு ஐஸ், கூலி, ஷேர் ஆட்டோ. வண்ணாரப்பேட்டையிலோ ராயபுரம் தெருக்களிலோ மதியத்துக்குள் விற்றாக வேண்டும். பிற்பகலில் தண்டல்காரர் வந்து நூறு ரூபாய் வாங்கி அட்டையில் குறித்துவிட்டுப் போவார்.

தண்டலின் பரவலான வடிவம் இது: 10,000 ரூபாய்க் கடனில் 1,500ஐ முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள், நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் ஏறத்தாழ 120 சதவீதம். பக்கத்தில் ஸ்வநிதியை வைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 1 அன்று தொடங்கியபோது முதல் கடன் 10,000. பன்னிரண்டு மாதத் தவணை. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். வங்கி வட்டி 12 சதவீதம் என்று கொண்டால் மாதத் தவணை 888 ரூபாய். மானியம் கழித்து ஓராண்டுக்கான செலவு 300 ரூபாய்க்குள் அடங்கும். ஒரு பக்கம் நூறு நாளுக்கு 1,500. மறுபக்கம் ஓராண்டுக்கு 300.

இவ்வளவு வித்தியாசம் இருந்தும் தண்டல் நிற்கிறது என்றால் அது விற்கும் சரக்கு வேறு என்று பொருள். கேட்ட நாளிலேயே பணம் வருகிறது. வசூலுக்கு ஆள் கூடையடிக்கு வருகிறார். கையில் புரளும் நூறு ரூபாய்த் தாள்களில் ஒன்று போகிறது. மாதக் கடைசியில் 888ஐச் சேர்த்துவைத்திருக்க வேண்டியதில்லை. தினக்கூலிக் குடும்பத்தில் காசைச் சேர்த்துவைப்பது எவ்வளவு கடினம் என்பதை மாதச் சம்பளக்காரர்கள் வகுத்த திட்டங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அறுபதாவது நாளில் அவசரம் வந்தால் மீதியைக் கழித்துக்கொண்டு புது அட்டை போட்டுத் தருவார். ஸ்வநிதியில் அடுத்த கடனுக்கு முதல் கடனை முழுவதும் அடைத்திருக்க வேண்டும்.

மிரட்டலும் அவமானமும் இல்லாத தொழில் தண்டல் என்று நான் சொல்லவரவில்லை. ரன் வட்டி, மீட்டர் வட்டி என்று அதன் கொடிய வடிவங்களால் குடும்பங்கள் சிதைந்திருக்கின்றன. ஆனால் எதிரியின் பலம் எதுவென்று தெரியாமல் போடும் திட்டம் தோற்கும்.

முத்ரா எண்களைப் பற்றி இங்கே ஒரு குறுக்குக் குறிப்பு. 50,000 ரூபாய் வரையிலான சிசுப் பிரிவுக் கடன்களில் பெரும் பங்கு நுண்கடன் நிறுவனங்கள் கொடுத்தவை. 20 சதவீதத்துக்கு மேற்பட்ட வட்டியில், குழுக் கூட்டத்தில் வாங்கிய கடனே அரசுக் கணக்கில் முத்ராவாகப் பதிவாகிறது. வாங்கிய பெண்ணுக்கு அது குழு லோன். அரசின் ஆதரவு என்று அவருக்குத் தோன்றுவதற்கு அதில் எதுவும் இல்லை. மாநிலத்தின் முதலிடத்தைப் பாராட்டும் முன் இந்தக் கலவையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

5. தடைக்காலமும் எண்ணெய்ப் படலமும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்வளம் பெருகத் தேவையான தடைதான். அந்த இரண்டு மாதமும் காசிமேட்டின் வரத்து சுருங்குகிறது. நாட்டுப் படகு மீனுக்கும் வெளிமாவட்ட மீனுக்கும் விலை ஏறுகிறது. மீனவக் குடும்பத்துக்கு அரசு தடைக்கால நிவாரணம் தருகிறது. அதாவது வருமானம் நிற்கிறது என்பதை மீன்வளத் துறை ஏற்றுக்கொண்டு பணம் கொடுக்கிறது. அதே மாதங்களில் அதே வீட்டின் ஸ்வநிதித் தவணையும் குழுத் தவணையும் வழக்கம்போல விழுகின்றன. ஒரு கை அறிந்ததை மறு கை அறியவில்லை.

தவணைக் காலத்தை மாற்றினால் என்னவாகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. எரிகா ஃபீல்ட், ரோஹிணி பாண்டே உள்ளிட்டோர் கொல்கத்தாவில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், கடன் வாங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு முதல் தவணைக்கு இரண்டு மாத அவகாசம் தரப்பட்டது. அவர்கள் தொழிலில் கூடுதலாக முதலிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்தும் அவர்களின் லாபம் மற்றவர்களைவிட அதிகம். தவறிய கடன்களும் அவர்களிடையே அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவகாசம் என்றால் வங்கிக்கு இழப்பு வரலாம். அந்த இழப்பை யார் ஏற்பது என்பது நேர்மையாகப் பேசவேண்டிய கேள்வி. ஆனால் காசிமேட்டின் இரண்டு மாதம் நாட்காட்டியில் அச்சாகியிருக்கும் இரண்டு மாதம். எதிர்பாராத ஆபத்து என்று யாரும் சொல்ல முடியாது. பத்துத் தவணையாக வகுத்து மே, ஜூனை விட்டுவிடுவது ஒரு மென்பொருள் மாற்றம்.

எண்ணூரின் நிலை இதைவிடச் சிக்கலானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. படகும் வலையும் கறுத்தன, அலையாத்திச் செடிகள் பிசுபிசுத்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். எண்ணூர் மீன் என்றாலே வாங்குபவர் தயங்கிய வாரங்கள் அவை. இழப்பீடு வந்தது. புயலுக்குப் பிறகு மாநில அரசு சிறு வணிகர்களுக்குச் சிறப்புக் கடனும் அறிவித்தது. வியாபாரம் முடங்கியதற்கு நிவாரணமாக இன்னொரு கடன்! அது தவறென்று சொல்லிவிட முடியாது, பலருக்கு உதவியிருக்கும். ஆனால் சேற்றில் இறால் தடவி வாழும் பெண்ணின் தொழிலுக்கு மூலதனம் கழிமுகம். சாம்பலும் எண்ணெயும் படிந்து அது தேய்ந்துபோகும்போது, ரூபாய் மூலதனத்தை மட்டும் ஏற்றிக்கொண்டிருப்பதால் கடன் சுமை கூடுமே தவிர வருமானம் கூடாது.

6. யாரைத் தொழில்முனைவோர் என்கிறது அரசு?

திட்டங்களின் தகுதி விதிகளை வரிசையாகப் படித்தால், காசிமேட்டுக் கூடைக்காரி நழுவிப்போகும் இடைவெளிகள் தெரியும். 2018-19 நிதிநிலை அறிக்கை கிசான் கடன் அட்டையை மீனவர்களுக்கும் விரித்தது. உரிய நேரத்தில் கட்டினால் 4 சதவீத வட்டி. கடல்மீன் பிரிவில் அதற்குப் பதிவான படகு சொந்தமாகவோ குத்தகையாகவோ இருக்க வேண்டும், உரிமம் வேண்டும். படகு பெரும்பாலும் ஆணின் பெயரில். விற்பனை பெண்ணின் தலையில். கைவினைஞர்களுக்குக் கடன் தர 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் படகு செய்பவரும் வலை பின்னுபவரும் உண்டு, மீன் விற்பவர் இல்லை. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையையும் 18 வயது வரம்பையும் எதிர்த்துத் தமிழ்நாடு அத்திட்டத்தை ஏற்க மறுத்து, 35 வயதுக்கு மேற்பட்டோருக்குச் சாதிப் பாகுபாடின்றி கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. கொள்கையளவில் மாநிலத்தின் ஆட்சேபம் சரியானதே. ஆனால் அதிலும் கடனுக்குத் தகுதி கைவினைஞருக்குத்தான்.

வேலையற்ற இளைஞருக்கான மாநிலத் திட்டமான யூ.ஒய்.இ.ஜி.பி. 25 சதவீத மானியம் தருகிறது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். ஒன்றிய அரசின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பி.எம்.இ.ஜி.பி.யில் மானியம் கைக்கு வராமல் வங்கி வைப்பில் மூன்றாண்டு காத்திருக்கும். ஸ்வநிதிக்கு மாநகராட்சியின் விற்பனைச் சான்றோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நடந்து திரிந்து விற்பவரையும் வியாபாரி என்றே ஏற்கிறது. கணக்கெடுப்பவர் வரும் நேரத்தில் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் பட்டியலில் ஏறுவார்.

எல்லைக் குழப்பம் வேறு. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன. வருவாய் மாவட்டமாகத் திருவள்ளூரிலேயே 2018 வரை நீடித்தன. ஏழாண்டுகள் சொத்து வரி ஓர் ஊருக்கு, சான்றிதழ் வேறோர் ஊருக்கு. இப்போது மாவட்டமும் சென்னைதான். தொழில் வணிகத் துறையின் மண்டல அலுவலகம் கிண்டியில். எண்ணூரிலிருந்து நகரத்தின் மறுமுனைக்குப் போய் ஒரு கையெழுத்துக்குக் காத்திருக்கும் நாளில் கூடை இறங்காது.

7. பலூன் கொட்டகையும் லேத் பட்டறையும்

சிறுதொழில் பெருநிறுவனமாக வளர்ந்ததற்குத் திருவொற்றியூரே பெயர்போன உதாரணம். 1946இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை இங்கே ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் டயர் மேற்பூச்சு ரப்பருக்கு மாறினார், 1961இல் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமாயிற்று. ஊக்கப் பேச்சுகளில் இந்தக் கதை தவறாமல் வரும். அவர் தந்தையின் குடும்பம் நடத்திய திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி 1938இல் மூடப்பட்டுச் சொத்தெல்லாம் போயிருந்தது உண்மை. போகாமல் தங்கியவை கல்வியும் தொடர்புகளும் வணிக அறிவும். பலூனிலிருந்து ரப்பருக்கு மாறலாம் என்று கண்டுபிடிக்கும் தூரப்பார்வைக்கு எந்தச் சிசுக் கடனும் ஈடாகாது.

இன்றைய திருவொற்றியூர், மணலி நெடுஞ்சாலைகளை ஒட்டிய லேத் பட்டறைகளும் வெல்டிங் கடைகளும் கன்டெய்னர் லாரி பழுதுபார்க்கும் இடங்களும் வேறு வகைச் சிக்கலில் இருக்கின்றன. அங்கே 50,000 ரூபாய் ஒரு இயந்திரத்தின் மூலைக்கும் போதாது. ஜாப் ஒர்க் முடித்துப் பில் போட்ட பட்டறைக்காரருக்குப் பணம் மூன்று மாதம் கழித்து வரும். வங்கித் தவணை முப்பது நாளில். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. தாமதித்த தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் 2023-24 முதல் ஒரு கிடுக்கி போட்டார்கள். ஆனால் வேலை கொடுப்பவர் மீது புகார் கொடுத்துவிட்டு அடுத்த ஆர்டருக்கு யாரிடம் போவது? கூடைக்காரிக்கும் பட்டறைக்காரருக்கும் கடன் தொகையில் நூறு மடங்கு வித்தியாசம். பணம் வரும் நாளும் போகும் நாளும் பொருந்தாத நோய் மட்டும் இருவருக்கும் ஒன்றே.

8. எதிர்வாதமும் அடுத்து பார்க்க வேண்டியதும்

அரசுக் கடன் தண்டலைப்போல நெகிழ வேண்டும் என்றால் அது தண்டலைப்போலவே விலையேறும் என்பது வலுவான எதிர்வாதம். தினமும் கூடையடிக்கு வரும் ஆளுக்குக் கூலி உண்டு; அந்தக் கூலி 120 சதவீதத்துக்குள் இருக்கிறது. மறுக்க முடியாது. ஆனால் அந்த வட்டியில் கூலி எவ்வளவு, அச்சத்தின் விலை எவ்வளவு என்று யாரும் பிரித்ததில்லை. கைப்பேசிக்கு வரும் தினசரிக் காசிலிருந்து தினமும் சிறிது கழித்துக்கொள்வதற்கு இப்போது ஆள் தேவையில்லை. கடன் தள்ளுபடி இதற்கு மாற்றாகாது. கூட்டுறவு வங்கிகளில் மகளிர் குழுக்கள் வாங்கிய 2,756 கோடி ரூபாய்க் கடனைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தபோது நிலுவை நீங்கியது. அடுத்த கடனின் தவணை முறை பழையதாகவே இருந்தது. 2023 செப்டம்பர் முதல் வரும் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை, கடன் துறையின் எந்த ஆவணத்திலும் இல்லாமலே, ஸ்வநிதியின் பழைய 10,000 ரூபாய்க் கடனின் 888 ரூபாய்த் தவணைக்குப் பொருந்தி நின்றது. உரிமைத் தொகை வந்த பிறகு தவணை தவறுவது குறைந்ததா என்பதை வங்கிகளின் கையிலிருக்கும் தரவை வைத்தே சோதிக்கலாம்.

2025 ஆகஸ்டில் ஸ்வநிதி மாற்றியமைக்கப்பட்டு 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. முதல் கடன் 15,000, இரண்டாவது 25,000, மூன்றாவது 50,000. இரண்டாவது கடனை முறையாக அடைத்தவருக்குக் கைப்பேசிப் பணப்பரிமாற்றத்தோடு இணைந்த ரூபே கடன் அட்டை. வேண்டும்போது எடுத்து, விற்றதும் கட்டி, மறுநாள் மீண்டும் எடுக்கும் வசதி ஸ்வநிதிக்குள் வருவது இதுவே முதல்முறை. தண்டலின் உண்மையான பலத்தை நேருக்கு நேர் தொடும் அம்சம் இது. ஆனால் அதை அடைய இரண்டு கடன்களின் மாதத் தவணைகளைத் தடைக்காலம் உட்பட ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும். கடன் அட்டைப் பணம் வணிகர் கணக்குக்குத்தான் போகும். காசிமேட்டு ஏலக்காரர் வணிகராகப் பதிந்து, விடியற்காலையில் தன் கியூஆர் குறியீட்டில் கடன் அட்டைப் பணத்தை ஏற்பாரா? அதற்குப் பிடிக்கப்படும் கட்டணத்தைத் தான் ஏற்பாரா, கூடையின் விலையில் ஏற்றுவாரா? தன்னிடம் கடனுக்கு எடுத்துத் தனக்குக் கட்டுப்பட்டிருந்த பெண் ரொக்கக்காரியாக மாறுவதை அவர் விரும்புவாரா? ஸ்வநிதியின் அடுத்த ஐந்தாண்டை மதிப்பிடுபவர்கள் வங்கிக் கிளையில் தொடங்காமல் அந்த ஏலத் தளத்தில் தொடங்க வேண்டும்.